விலகினாரா, விலக்கப்பட்டாரா? ஆட்சியாளரை அகற்றும் ஆங்கில வினைச்சொற்களும் முள்ளிவாய்க்காலும்

2022 ஜூலை 14ஆம் திகதி கோட்டாபய ராஜபக்‌ஷ சிங்கப்பூரில் இருந்து தனது பதவி விலகல் கடிதத்தை மின்னஞ்சல் மூலம் சபாநாயகருக்கு அனுப்பினார். மறுநாள் சபாநாயகர் அதனை உத்தியோகபூர்வமாக அறிவித்தார். "ஜனாதிபதி பதவி விலகினார்" என்று தமிழில் நாங்கள் எழுதினோம். ஆங்கிலத்தில் அதே நிகழ்வைச் சொல்வதற்குக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு: ஸ்டெப் டவுன், ஃபோர்ஸ் அவுட், த்ரோ அவுட். ஒரே மனிதர் ஒரே கதிரையில் இருந்து இறங்கியதைத்தான் மூன்றும் சொல்கின்றன. ஆனால், அவரை இறக்கியது யார் என்று கேட்டால் மூன்றும் ஒரே பதிலைத் தருவதில்லை.

முள்ளிவாய்க்காலில் உயர்தரம் படிக்கிற, படித்து முடித்த பிள்ளைகள் சிலருக்கு விடுமுறை நாட்களில் ஆங்கிலச் செய்தி வாசிக்கப் பழக்கி வருகிறேன். பரீட்சைக்காக மட்டும் அவர்கள் வருவதில்லை. ஒவ்வொரு மே மாதமும் ஊருக்கு வெளிநாட்டு நிருபர்கள் வருகிறார்கள், தூதரக வாகனங்கள் வருகின்றன. தங்கள் பெற்றோர் சொல்வது ஆங்கிலத்தில் எப்படிப் போய்ச் சேருகிறது என்று அறியும் விருப்பம் அவர்களுக்கு இருக்கிறது. அப்படியொரு நாளில் ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, அந்த மனுசனைச் சனம்தானே கலைச்சது? பிறகேன் 'விலகினார்' எண்டு போடுறாங்கள்?"

இலக்கணக் கேள்வி போலத் தோன்றினாலும் இது அரசியல் கேள்விதான். செய்தி வாசிக்கிற எவருக்கும் பயன்படும் என்பதால் அதற்கான விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

வோட் அவுட் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ஒரு சாதாரண வினைச்சொல்லுடன் அவுட், டவுன், இன், அவே போன்ற சிறு சொல்லொன்று சேர்ந்து புதிய பொருள் தருவதை ஃபிரேசல் வேர்ப் என்பார்கள். வோட் என்றால் வாக்களித்தல். அதனுடன் அவுட் சேர்ந்தால், வாக்களித்துப் பதவியில் இருந்து வெளியேற்றுதல் என்று பொருள்.

இதில் பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. 'வோட் அகெய்ன்ஸ்ட்' என்றால் எதிர்த்து வாக்களித்தல். அதைத் தனியொருவர் செய்யலாம், ஓர் ஊர் முழுவதுமே செய்யலாம். எதிர்க்கப்பட்டவர் வென்றாலும் அந்தச் சொல் பிழையாகாது. 'வோட் அவுட்' என்று சொல்வதானால் அவர் தோற்றிருக்க வேண்டும். முன்னையது வாக்காளரின் செயலைச் சொல்கிறது. பின்னையது நாட்டின் முடிவைச் சொல்கிறது.

எங்கள் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். முள்ளிவாய்க்கால் மக்களின் வாக்குகள் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படுகின்றன. 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் வன்னியும் யாழ்ப்பாணமும் மஹிந்த ராஜபக்‌ஷவை எதிர்த்து வாக்களித்தன. அதற்காக, போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கே புள்ளடி போடவேண்டி வந்தது. ஆனாலும் மஹிந்த வென்றார். ஆகவே அது 'வோட் அகெய்ன்ஸ்ட்' மட்டுமே. 2015 ஜனவரி 8ஆம் திகதி மைத்திரிபால சிறிசேன 51.28 வீதமும் மஹிந்த 47.58 வீதமும் பெற்றனர். வித்தியாசம் 449,072 வாக்குகள். வன்னியில் சிறிசேனவுக்கு 78 வீதத்துக்கும் மேல் கிடைத்தது. இதுதான் 'வோட் அவுட்'. 2019 நவம்பரில் வன்னியில் 80 வீதத்துக்கும் மேலானவர்கள் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தார்கள். நாடு முழுவதிலும் 52.25 வீத வாக்குகளைப் பெற்று கோட்டாபய ஜனாதிபதியானார். வன்னி அவரை எதிர்த்து வாக்களித்தது, நாடு அவரை 'வோட் இன்' செய்தது.

ஆங்கிலத்தில் இதை எழுதும்போது கவனிக்க வேண்டிய மூன்று விதிகள் உள்ளன.

ஒன்று, பெயர்ச்சொல் வந்தால் அதை அவுட்டுக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். அவன், அவர், அவர்கள் போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும். 'வோட் ஹிம் அவுட்' சரி. 'வோட் அவுட் ஹிம்' பிழை.

இரண்டு, 'அவுட் ஒஃப் ஒஃபிஸ்' என்று நீட்டிச் சொல்வதும் வழக்கம். இங்கே ஒஃபிஸ் என்பது கந்தோர் அல்ல, பதவி.

மூன்று, செயப்பாட்டு வினையாக மாற்றலாம். 'ஹி வாஸ் வோட்டட் அவுட்' என்றால் அவர் வாக்களிப்பின் மூலம் வெளியேற்றப்பட்டார் என்று பொருள். யார் வெளியேற்றினார்கள் என்று சொல்லாவிட்டாலும் வாக்காளர்கள் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மற்றச் சொற்கள்

ஸ்டெப் டவுன் என்பது தானாக இறங்குதல். இந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. 'மக்கள் ஜனாதிபதியை ஸ்டெப் டவுன் செய்தனர்' என்று ஆங்கிலத்தில் எழுத முடியாது. இறங்குபவர்தான் எழுவாயாக வருவார். அவரைத் தள்ளியவர் அந்த வசனத்துக்குள் வருவதில்லை. பிரித்தானிய ஆங்கிலத்தில் ஸ்டாண்ட் டவுன் என்றும் சொல்வார்கள்.

ஃபோர்ஸ் அவுட் என்பது வேறு வழியில்லாமல் செய்து வெளியேற்றுதல். வெளியே போகிறவர் கடைசியில் தானே கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால், எழுத வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை இந்தச் சொல் மறைப்பதில்லை. த்ரோ அவுட், கிக் அவுட் இரண்டும் தூக்கி எறிதல், உதைத்துத் துரத்துதல். பேச்சிலும் தலைப்புகளிலும் வரும். மனுக்களிலும் அறிக்கைகளிலும் தவிர்ப்பது நல்லது.

பிரிங் டவுன் என்பது அரசாங்கத்தைக் கவிழ்த்தல். 1964 டிசெம்பர் 3ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அங்கே பொருந்துவது பிரிங் டவுன்தான். மக்கள் வாக்களித்தது பின்னர் நடந்த தேர்தலில்.

2018இல் நடந்ததையும் பார்க்கலாம். ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மஹிந்தவை நியமித்தார். நாடாளுமன்றத்தையும் கலைத்தார். அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் டிசெம்பர் 13ஆம் திகதி தீர்ப்பளித்தது. டிசெம்பர் 15ஆம் திகதி மஹிந்த விலகினார், மறுநாள் ரணில் மீண்டும் பிரதமரானார். ரணிலை த்ரோ அவுட் செய்தது மக்கள் அல்ல, ஒரு ஜனாதிபதி. அந்த 'அவுட்' 51 நாட்கள்தான் நின்றது.

சட்டப்படி ஒரு ஜனாதிபதியை நீக்கும் வழி அரசியலமைப்பின் 38ஆவது உறுப்புரையில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் உயர் நீதிமன்ற விசாரணையும் தேவை. 1991இல் ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராக அது முயற்சிக்கப்பட்டுத் தோல்வியடைந்தது. இன்றுவரை எந்த ஜனாதிபதியும் அந்த வழியால் நீக்கப்பட்டதில்லை. 2022இல் கோட்டாபய போனதும் அந்த வழியால் அல்ல, தேர்தலாலும் அல்ல. ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் தொடங்கிய போராட்டம், ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த மக்கள், ஜூலை 13 அதிகாலை மாலைதீவுக்குப் பறந்த விமானம், இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. ஆகவே அதற்கு மிகச் சரியான சொல் ஃபோர்ஸ் அவுட். அவருடைய இடத்துக்கு ரணிலைத் தெரிவு செய்ததும் மக்கள் அல்லர், ஜூலை 20ஆம் திகதி நாடாளுமன்றத்தில் விழுந்த 134 வாக்குகள்.

தமிழில் இது இல்லையா?

இருக்கிறது, சாதாரண தரத்தில் படித்ததுதான். தன்வினை, பிறவினை. விலகு, விலக்கு. இறங்கு, இறக்கு. நீங்கு, நீக்கு. கவிழ், கவிழ்த்து. ஆங்கிலம் இரண்டு சொற்களால் செய்வதைத் தமிழ் ஓர் எழுத்தை மாற்றியே செய்துவிடுகிறது. 'விலகினார்' என்றால் போனவரே செய்தவர். 'விலக்கினார்கள்' என்றால் செய்தவர்கள் வேறு யாரோ. ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில், தமிழில் சொல் இருக்கிறது, செய்தி எழுதுகிற நாங்கள் அதைத் தெரிவு செய்யவில்லை என்பதுதான். பேச்சுத் தமிழ் எங்களைவிடத் துல்லியமாக இருந்தது. சனம் அன்றே 'கலைச்சுப் போட்டுது' என்று சொல்லிவிட்டது.

போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. 'காணாமல் போனோர்' என்று அரசாங்கம் சொன்னபோது, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று திருத்தியவர்கள் எங்கள் தாய்மார். 'போனோர்' தன்வினை. பிள்ளைகள் தாங்களாகவே எங்கோ போய்விட்டார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. 'ஆக்கப்பட்டோர்' என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் முழுவதும் அந்தச் சொல்லையே தூக்கிப் பிடித்தது. அரசாங்கம் அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' என்றே இருந்தது. மரக்கொட்டிலுக்குள் இருந்த தாய்மார் அதை ஏற்கவில்லை.

இன்னும் ஒரு படி இருக்கிறது. 'ஆக்கப்பட்டோர்' என்ற செயப்பாட்டு வினை, செய்தவர் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்கிறது, ஆனால் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அதற்கு 'ஆல்' என்ற மூன்றாம் வேற்றுமை உருபு வேண்டும். யாரால்? ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்வது 'பை' என்ற சிறுசொல். ஆங்கிலச் செய்தியில் எங்களைப் பற்றி வாசிக்கும்போது அந்தச் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஓர் அறிக்கையில் 'கொல்லப்பட்டனர்' என்று வந்து, அதற்குப் பிறகு 'பை' வராவிட்டால், அந்த வசனத்தில் ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு அனுப்புதல்

தலைவர்களைத் தோற்கடிப்பதைத் தமிழில் 'வீட்டுக்கு அனுப்புதல்' என்றும் சொல்வோம். 2022இல் நாடெங்கும் ஒலித்த 'கோட்டா கோ ஹோம்' என்ற கோஷமும் ஏறக்குறைய அதுதான். இது ஃபிரேசல் வேர்ப் அல்ல, ஓர் ஏவல். வீட்டுக்குப் போ என்கிறது, அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

வன்னியில் அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கும். 2017இல் கேப்பாப்பிலவு மக்கள் இராணுவ முகாம் வேலிக்கு வெளியே வீதியில் இருந்து கேட்டதும் வீட்டுக்குப் போவதற்குத்தான், தங்கள் சொந்த வீட்டுக்கு. கோட்டாபய 2022 செப்டெம்பர் 2ஆம் திகதி நாடு திரும்பியபோது அவருக்கு அரச இல்லமும் பாதுகாப்பும் கிடைத்தன. 2015இல் வாக்கால் வெளியேற்றப்பட்ட மஹிந்த, முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் நிறைவேறிய பிறகு, 2025 செப்டெம்பர் 11ஆம் திகதிதான் கொழும்பு விஜேராம அரச இல்லத்தை விட்டு வெளியேறினார். வீட்டை விட்டு வெளியேறுவதற்கும் ஆங்கிலத்தில் அவுட் உண்டு: மூவ் அவுட்.

2022 மே 18ஆம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். சிங்கள இளைஞர்களும் மதகுருமாரும் அதில் நின்றார்கள். தெற்கில் அப்படியொரு காட்சியைப் பார்ப்போம் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால், அந்தத் திடலில் திரண்டவர்களில் மிகப் பெரும்பாலானோரை அங்கே கொண்டுவந்தது எரிபொருளும் எரிவாயுவும் மின்வெட்டும். இறக்க வேண்டும் என்பதில் இரு பகுதியும் ஒன்றுபட்டன. எதற்காக என்பதில் ஒன்றுபடவில்லை.

'அவுட்'டுக்குப் பிறகு

இதுவரை பார்த்த எல்லாச் சொற்களும் கதிரையோடு முடிந்துவிடுகின்றன. இறங்கியவர் செய்ததற்குப் பதில் சொன்னாரா என்பது அவற்றில் இல்லை. அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு. 'ஆன்சர் ஃபோர்' என்றால் செய்ததற்குப் பதில் சொல்லுதல். 'ஹோல்ட் டு அக்கவுண்ட்' என்றால் பொறுப்புக்கூற வைத்தல், எங்கள் பேச்சில் கணக்குக் கேட்டல். இவற்றுக்கு எதிர்ச்சொல் போல இன்னொன்றும் உண்டு: 'கெட் அவே வித்', செய்துவிட்டுத் தப்பிக்கொள்ளுதல்.

பேரு நாட்டின் கதை இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். 2000 நவம்பரில் ஜனாதிபதி அல்பேர்ட்டோ புஜிமோரி ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து தொலைநகல் மூலம் பதவி விலகல் கடிதம் அனுப்பினார். எங்களுக்கு வந்தது மின்னஞ்சல், அவர்களுக்கு வந்தது தொலைநகல். ஆனால் பேரு காங்கிரஸ் அந்தக் கடிதத்தை ஏற்கவில்லை. அவர் பதவிக்குத் தார்மீகத் தகுதியற்றவர் என்று வாக்களித்துத் தானே நீக்கியது. அவர் விலகினார் என்ற வசனத்தை அவர்கள் எழுத விடவில்லை, நாங்கள் விலக்கினோம் என்று எழுதினார்கள். அதோடும் நிற்கவில்லை. 2005இல் சிலியில் கைதானார், 2007இல் பேருவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2009 ஏப்ரல் 7ஆம் திகதி, பரியோஸ் அல்டோஸ், லா கண்டுட்டா ஆகிய இடங்களில் இராணுவக் கொலைக்குழு செய்த படுகொலைகளுக்கு ஜனாதிபதியாக அவரே பொறுப்பு என்று அவர் நாட்டு நீதிமன்றமே 25 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அந்த நாட்களில் எங்கள் மக்கள் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவே பதுங்கு குழிகளுக்குள் இருந்தார்கள். பின்னர் மன்னிப்பும், அதன் ரத்தும், 2023 டிசெம்பரில் விடுதலையும் என்று அந்தக் கதை நீண்டது. ஆனால் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

பிலிப்பைன்ஸில் ரொட்ரிகோ டுடெர்ட்டேயை யாரும் துரத்தவில்லை. பதவிக்காலம் முடிந்து 2022 ஜூன் 30ஆம் திகதி வழமைபோல இறங்கினார். 2025 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணையில் கைதாகி ஹேக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே 'அவுட்' இல்லாமலே கணக்குக் கேட்கப்பட்டது. எங்களுக்கு 'அவுட்' கிடைத்தது, கணக்கு வரவில்லை. இலங்கை அந்த நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் கையெழுத்திடாத நாடு.

இலங்கையில் கணக்கே கேட்கப்படுவதில்லை என்றும் சொல்ல முடியாது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக சிறிசேன 100 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருளாதாரத்தைச் சீரழித்து மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியவர்களில் கோட்டாபயவும் மஹிந்தவும் பசிலும் அடங்குவர் என்று 2023 நவம்பர் 14ஆம் திகதி அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஓகஸ்டில் அரச பணத்தில் வெளிநாட்டுப் பயணம் செய்தார் என்ற குற்றச்சாட்டில் ரணில் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டார். தேவாலயத்துக்கு, பொருளாதாரத்துக்கு, பயணச் செலவுக்கு என்று முன்னாள் ஜனாதிபதிகளிடம் கேள்வி கேட்க இந்த நாட்டுக்குத் தெரியும். 2009க்கு மட்டும் அப்படியொரு தீர்ப்பு இல்லை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, இறுதிக்கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை நிராகரிக்க முடியாது என்று அறிக்கையிட்டது. அப்போதைய ஜனாதிபதியோ பாதுகாப்புச் செயலாளரோ அதற்காக எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை.

வெளியே சில அசைவுகள் உண்டு. 2021இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 46/1 தீர்மானத்தின் மூலம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறிமுறையை உருவாக்கியது. 2022 ஜூலையில், கோட்டாபய சிங்கப்பூரில் இருந்தபோதே, சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டம் அந்நாட்டுச் சட்டமா அதிபரிடம் முறைப்பாடு செய்தது. 2023 ஜனவரியில் கனடா மஹிந்த, கோட்டாபய இருவர் மீதும் தடை விதித்தது. இவை வழக்குகள் அல்ல. ஆனால், வழக்கு வரும் நாளில் தேவைப்படுபவை.

பேட்டி கேட்க வந்தால்

மே மாதம் யாராவது ஒலிவாங்கியை நீட்டி, ராஜபக்‌ஷக்கள் போய்விட்டார்களே, திருப்தியா என்று ஆங்கிலத்தில் கேட்டால், ஆம் அல்லது இல்லை என்பது போதாது. நாங்கள் வகுப்பில் எழுதிப் பழகியவற்றில் மூன்று வசனங்களைத் தருகிறேன்.

'வீ வோட்டட் ஹிம் அவுட் இன் ட்வென்ட்டி ஃபிஃப்ட்டீன்.' 2015இல் நாங்களும் சேர்ந்தே அவரை வாக்களித்து வெளியேற்றினோம். இதில் எழுவாய் நாங்கள். பார்வையாளராக இருக்கவில்லை என்று சொல்வதற்கு இது.

'ஹிஸ் பிரதர் வாஸ் ஃபோர்ஸ்ட் அவுட் பை தி பீப்பிள்.' அவருடைய சகோதரரை மக்கள் வெளியேற்றினார்கள். 'பை' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

'நீதர் ஒஃப் தெம் ஹேஸ் ஆன்சர்ட் ஃபோர் முள்ளிவாய்க்கால்.' முள்ளிவாய்க்காலுக்கு இருவரில் எவருமே பதில் சொல்லவில்லை.

மூன்றாவது வசனத்தைச் சொல்லி முடித்த பிறகே ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுங்கள். முதல் இரண்டும் ஏற்கெனவே செய்தியாகிவிட்டன. மூன்றாவதைத்தான் நிருபர் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.